எந்த மருந்து ஏற்றி எடுத்த படம்?

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் கட்டி இருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த பிறகு, சிலருக்கு பெட் ஸ்கேனும் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் படம்) எழுதிக் கொடுக்கிறார்கள். படத்தில் ஓரிடம் பளிச்சென்று தெரிகிறது. "அப்போ இது புற்றுதானா?" என்று வீட்டார் பதறிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த மருந்து ஏற்றி எடுத்த படம் என்பதுதான்.

வழக்கமான பெட் மருந்து எஃப்.டி.ஜி. குளுக்கோஸ் போன்ற மூலக்கூறில் ஃப்ளோரின்-18 ஏற்றியது. அதன் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நுரையீரலில் கைகொடுக்கும் இந்த மருந்து மூளையில் தடுமாறும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. மூளையின் புறணி, அதாவது வெளி அடுக்கு, முழுக்க ஒளிரும்போது, பக்கத்தில் இருக்கும் கட்டி பட்டப்பகலில் ஏற்றிய விளக்குதான். நிணநீர் செல்களில் தோன்றும் புற்றான லிம்போமா அப்போதும் தனித்துத் தெரியும். மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் கட்டி கிளையோமா; அதில் மெதுவாக வளரும் வகை பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். பளிச்சென்றால் கெட்டது என்று விதி வகுக்கலாமா? பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா அதைப் பொய்யாக்கிவிடும். சிறுவர்களுக்கு அதிகம் வரும், தீவிரம் குறைந்த கிரேடு 1 கட்டி அது. முழுதாக அகற்றினால் பெரும்பாலும் குணமாகும். ஆனாலும் எஃப்.டி.ஜி.யை வாரி இழுத்துக்கொள்ளும்.

ஆகவே கிளையோமாவுக்கு அமினோ அமில மருந்துகளுக்கே நான் முதலிடம் தருவேன். மெத்தியோனின், எஃப்.இ.டி., எஃப்-டோபா ஆகியவை அவை. நல்ல மூளைத் திசு இவற்றை அதிகம் எடுப்பதில்லை. பின்னணி இருட்டாகி, கட்டி துலங்கும். எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் ஏறாத பகுதிக்குள்ளும் இவை நுழையும் என்பதால், திசு எடுக்கும் பயாப்ஸி ஊசியை எங்கே இறக்குவது என்று முடிவெடுக்க உதவும். மெத்தியோனினில் ஏற்றும் கார்பன்-11 மட்டும் 20 நிமிடத்தில் பாதியாவதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். எஃப்-டோபாவில் மூளையின் நடுவே இருபுறமும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி ஒளிரும், அது இயல்பு.

எஃப்.இ.டி.க்கு 4 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்கள், மருந்து உள்ளே நுழையும் அதே வாசலுக்குப் போட்டி போடும். ஊசி போட்ட கணத்திலிருந்து 40 நிமிடம் தொடர்ந்து படமெடுத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் பொதுவாக மெதுவான கட்டி. முதல் 20 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கினால் தீவிரமானதென்ற சந்தேகம். கிளையோமாவில் ஒரு வகையான ஆலிகோடென்ட்ரோகிளையோமா இங்கேயும் குழப்பும். தீவிரம் குறைந்ததாக இருந்தும் நிறைய இழுக்கும். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டி இல்லையென்று ஆகாது. மெதுவான கிளையோமாக்களில் சில எதையுமே இழுப்பதில்லை. இறுதித் தீர்ப்பு திசுப் பரிசோதனைக்குத்தான்.

மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டிக்கு காலியம்-68 டோட்டாடேட் என்ற பெட் மருந்து. பெரும்பாலும் புற்றல்லாத கட்டிதான், ஆனாலும் தீயாய் ஒளிரும். எலும்புக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க நல்ல மருந்து. பிட்யூட்டரி சுரப்பியும் கூடவே ஒளிரும். பக்கத்தில் கட்டி இருந்தால் எல்லை பிரிப்பது சிரமம்.

படம் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். எஃப்.டி.ஜி. ஏற்றிய பின் மங்கிய வெளிச்சத்தில், பேசாமல், செல்போன் பார்க்காமல் அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும்; பார்த்தால் பார்வைப் புறணி மருந்தை இழுத்துக்கொள்ளும். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் எஃப்.டி.ஜி. படம் மங்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, முன்கூட்டியே சொன்னால் போதும். ஊசி போடும் நேரத்தில் வலிப்பு வந்தால், கட்டியில்லாத இடமும் ஒளிரலாம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி, உள்ளதைவிட மங்கலாகவே தெரியும்.

கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் அது முடிந்த தேதியை எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் 3 மாதங்களில் கட்டி வளர்ந்ததுபோல எம்.ஆர்.ஐ. பொய்த்தோற்றம் காட்டுவதுண்டு; பிறகு திசு கருகிப்போவதும் அப்படியே தெரியும். கட்டி உண்மையிலேயே வளர்ந்ததா, சிகிச்சையின் விளைவா என்று அமினோ அமில பெட் பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். தேதி தெரியாவிட்டால், படத்தைப் படிக்கிறவர் அந்தப் பிரிவினையைச் செய்வது கடினம்.