மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறுமா?

தலைவர் அவர்களே, நகர சபை உறுப்பினர்களே, ஹட்டன் வாழ் பெருமக்களே, வணக்கம்.

வெளியே மழை ஊற்றுகிறது, உள்ளே தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிக் கூட்டம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இதை மழைக்காலத்தில்தான் நிதானமாகப் பேச முடியும். பெப்ரவரியில் பேச உட்கார்ந்தால் சண்டைதான் நடக்கும்.

நமக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது, மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. மலைநாட்டில் பல ஊர்கள் ஊற்றையும் ஓடையையும் நம்பித்தான் இருக்கின்றன. மேற்குச் சரிவில் அவை ஜனவரியிலிருந்து மார்ச் வரை மெலியும். பதுளை, பண்டாரவளைப் பக்கமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை. கொழும்பில் இருந்து ஒரே நாட்காட்டியில் எழுதும் வறட்சித் திட்டம் இரண்டில் ஒரு பக்கத்துக்கு உதவாது.

சரி, தட்டுப்பாடு வந்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? "காலையில் 2 மணித்தியாலம் தண்ணீர் விடப்படும்" என்று அறிவிப்பு வருகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சமதரை ஊருக்குப் பொருந்தவும் கூடும். மலையூரில் அது அநியாயம். 10 மீற்றர் உயரம் கூடினால் குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் குறைகிறது. பள்ளத்து வீடுகளின் கறுப்புத் தாங்கிகள் நிரம்பும்வரை மேட்டு வீட்டுக்குச் சொட்டும் ஏறாது. அவை நிரம்புவதற்குள் 2 மணித்தியாலமும் போய்விடும். பில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் தவறாமல் வரும்!

ஆகவே நேரத்தைப் பங்கிடும் முன் உயரத்தைப் பங்கிட வேண்டும். மேடு ஒரு வலயம், நடு ஒரு வலயம், பள்ளம் ஒரு வலயம். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனி முறை. காகிதத்தில் இது சுலபம். ஆனால் அந்த வால்வு எங்கே? வீதிக்குக் காபட் போட்டபோது வால்வுப் பெட்டியின் இரும்பு மூடி தாருக்கடியில் போயிருக்கும். பழைய குழாய்க்காரர் ஒருவர் வந்து, கடைப்படியிலிருந்து காலால் அளந்து, "இந்த இடம்" என்பார். உளியால் தாரைக் கொத்தினால் மூடி தெரியும். சாவியைப் போட்டு, எத்தனை சுற்று என்று எண்ணியபடி திருகுவார். அந்த எண்ணிக்கையும் அவர் மண்டையில்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் ஊரின் வரைபடமும் ஓய்வு பெற்றுவிடும். என்னைக் கேட்டால், புதுப் பம்பு வாங்கும் முன் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி, எல்லாவற்றையும் எழுதி வைப்பதுதான் முதல் வேலை.

இன்னொன்று. தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விட்டால், குழாய் வெறுமையாகும் நேரத்தில் வெடிப்புகள் வழியே கானில் ஓடும் அழுக்கு உள்ளே இழுபடும். முறை மாறும்போது குழாயைக் கழுவி விட வேண்டும், கடைசி வீட்டுக் குழாயிலும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

தண்ணீர் வண்டி, அதாவது பவுசர், அனுப்பலாமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். அவசர காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்சம். 10,000 பேருக்கு 1,50,000 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் என்றால் 15 நடை. அந்தப் பெரிய வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறாது. 2,000 லீற்றர் டிராக்டர் பவுசர் என்றால் 75 நடை, அதுவும் தினமும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை பாதைகள் மண்ணோடு போயின என்று உங்களுக்கே தெரியும். பாதை இல்லாத இடத்தில் பவுசர் திட்டம் வெறும் காகிதம். குழாய்த் துண்டுகளும் இணைப்புகளும் குளோரினும் ஒரே ஸ்டோரில் கிடக்கக் கூடாது. மண் சரிந்து ஊர் இரண்டாகப் பிரிந்தாலும் இரு பக்கமும் கொஞ்சம் இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது என்பதால், கலங்கலைப் படிய வைக்கும் படிகாரமும் சேர்த்துத்தான்.

வறட்சியும் வெள்ளமும் மட்டுமா? 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் கசிந்து பாய, பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. மழை பெய்கிறதா என்பதை விட, ஊற்றில் எவ்வளவு வருகிறது என்பதை வாராவாரம் அளந்து எழுதுவதே நம்பகமான எச்சரிக்கை. எந்த அளவுக்கு இறங்கினால் வாகனம் கழுவும் இடங்களுக்கு நிறுத்துவது, எப்போது ஹோட்டல்களுக்குக் குறைப்பது, ஆஸ்பத்திரிக்கு எந்த நிலையிலும் குறைக்காதிருப்பது என்று இப்போதே தீர்மானம் எடுத்துவிட்டால், அன்றைக்கு யாரும் தொலைபேசியில் செல்வாக்குக் காட்ட முடியாது.

கடைசியாக லயன்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை சேவை செய்யச் சரியான இடம் தரவில்லை. 2018இல்தான் திருத்தினார்கள். சட்டம் மாறிவிட்டது, யாருக்குச் சேவை என்ற சபைப் பட்டியல்கள் மாறவில்லை. ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நின்றுபோனால், தோட்டத்தை நடத்தும் துரை சபையைக் காட்டுவார், சபை துரையைக் காட்டும். இந்த மழை விடும் முன் நகர சபை, பிரதேச சபை, தோட்ட நிர்வாகம், கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த லயத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பம் இடட்டும். அந்தத் தாளின் பிரதி ஒன்று ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும், கீழே ஒரு தொலைபேசி எண்ணோடு. உறுப்பினர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். எந்தத் திகதியில் கூடுவது என்பதை இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள்.