விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவரின் கேள்வி

அடுத்த கேள்வி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு பொறியியல் படிக்கும் தம்பியிடமிருந்து. "காலையும் மாலையும் வாலிபால் பயிற்சி. ராத்திரி புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. பள்ளியில் தமிழ் வழி, இங்கே பாதி வகுப்பு புரியவில்லை. விளையாட்டை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

விடாதீர்கள் தம்பி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள்தான். அதில் ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ராத்திரி படிக்கிற எண்ணத்தை முதலில் விடுங்கள். இரண்டு வேளை பயிற்சி முடித்த உடம்பு ஒன்பது மணிக்கு மேல் ஒத்துழைக்காது. மதியம் சாப்பிட்டதும் இருபது நிமிடம், காலையில் நடத்திய மேட்ரிக்ஸ் கணக்கையே நோட்டைப் பார்க்காமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அதைப் பக்கத்து நண்பரிடம் தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்குத் தடையாக இருப்பது ஆங்கிலம்தான், கணக்கு அல்ல.

அப்புறம் வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும். போட்டிக்குப் போனதால் குறைந்தால் 65 வரை விலக்கு உண்டு, ஆனால் முன்அனுமதி இருக்க வேண்டும். பல பிள்ளைகள் திரும்பி வந்து ஓ.டி. (கல்லூரிக்காகப் போன நாளை வருகையாகக் கணக்கிடும் ஆன்-டியூட்டி) வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். போட்டியின் பெயர், தேதி எழுதி, பி.டி. சாரிடமும் துறைத்தலைவரிடமும் கல்லூரி முதல்வரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வகுப்பு ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணை லேசாக நினைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (உங்கள் ஆண்டுக்கு எது என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்) தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60; அந்தத் தேர்வை நூற்றுக்கு எழுதுவீர்கள், அதை 60-க்கு மாற்றிக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 45, மொத்தத்தில் 50 வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருந்தால் தேர்வில் 45 எடுத்தாலே போதும். 15 தான் இருக்கிறதென்றால் 59 எடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான தென் மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் செமஸ்டர் நேரத்தை ஒட்டியே வருகின்றன. கடைசி நேரத்தில் அந்த 59-ஐத் துரத்துவது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் பயிற்சியாளரிடமும் பேசுங்கள். இன்டர்னல் தேர்வு அட்டவணை வந்த அன்றே அவரிடம் காட்டுங்கள். அந்த வாரம் மட்டும் மாலைப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.