அப்பிச்சி போட்ட லைன்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போய் வருவது கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒரே ஊருக்கு என்றால் பெரிய யோசனை வேண்டாம். சிங்கப்பூருக்குக் கோவையிலேயே ஏறி அங்கே இறங்கிவிடலாம். மூன்று நான்கு ஊர்களைச் சேர்த்துப் பார்க்கக் கிளம்பும்போதுதான் திட்டம் வேண்டும். பல வருடங்களாகச் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் இந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா. அவர் வெளிநாடு போனதே இல்லை. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். ஆர்டர் எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் மாதம் ஒரு முறை லைன் போவார், அதாவது ஊர் ஊராக ஒரு சுற்று. பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் கோயமுத்தூர். அங்கே ரயில் ஏறினால் ஈரோடு. "போன ரோட்டுலயே திரும்பி வந்தா ஒரு நாள் பஸ்ஸுக்கே போயிரும், அம்மணி" என்பார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஊர்களை வரிசையாக எழுதுவார். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கை என்பதையும் எழுதுவார். தாராபுரத்தில் கடைக்காரர் வீடு, பொள்ளாச்சியில் லாட்ஜ். இந்த இரண்டும் எழுதாமல் பையை எடுக்க மாட்டார்.

நானும் அதையேதான் செய்கிறேன். முதலில் லைன், அப்புறம்தான் டிக்கெட். நம்மில் பலர் தலைகீழாகப் போகிறார்கள். பாரிசுக்குப் போக வர டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை எடுத்துவிடுகிறார்கள். பிறகு சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் ரோமில் நிற்கிறார்கள். ஊர் திரும்ப மறுபடி பாரிசுக்கு வர வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அந்த ஒரு நாள் தின்றுவிடும்.

டிக்கெட் போடும் இடத்தில் 'போக', 'போக வர' என்று இருப்பதற்குப் பக்கத்திலேயே 'மல்டி சிட்டி' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடுங்கள். போகும்போது பாரிசில் இறங்குவது, வரும்போது ரோமில் ஏறுவது என்று ஒரே டிக்கெட்டாகப் போடலாம். விலை பல சமயம் போக வர டிக்கெட்டை ஒட்டியே இருக்கும். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால்தான் எகிறும். நடுவில் ரயில். பாரிசிலிருந்து சூரிச் நான்கு மணி நேரம். அங்கிருந்து மிலான் மூன்றரை மணி நேரத்துக்குள். வழியில்தான் 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்டு சுரங்கம் வருகிறது. மிலானிலிருந்து ரோம் மூன்று மணி நேரம். அப்பிச்சியின் லைன்தான் இது, ஊர்ப் பெயர்கள் மட்டும் வேறு.

அடுத்தது படுக்கை. பத்து நாள் என்று எண்ணாதீர்கள், எத்தனை ராத்திரி என்று எண்ணுங்கள். நான்கு மணி நேர ரயில் என்றாலும், பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் அறை கிடைக்க மதியம் மூன்று ஆகிவிடும். அந்த நாள் போனதுதான். அதனால் ஒரு ஊருக்கு மூன்று ராத்திரியாவது வேண்டும் என்பது என் கட்சி. பத்து ராத்திரியில் ஏழு ஊர் என்று யாராவது கேட்டால் நான் திட்டம் போட்டுத் தருவதில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் பாவம்.

இந்த ராத்திரிக் கணக்கு ஏன் முக்கியம் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பொள்ளாச்சியில் என் பெரியம்மா மகள் குடும்பம். கொச்சியிலிருந்து விமானம். டிக்கெட்டில் 20-ஆம் தேதி, அதிகாலை 3.40. அக்கா 20-ஆம் தேதி காலையில் முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தாள். சாயங்காலம் பாலக்காடு வழியாகக் காரில் கிளம்பி, ராத்திரி பதினொரு மணிக்குக் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாச்சேரியில் இறங்கினார்கள். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இந்த விமானம் இன்றைக்கு விடிகாலையே போய்விட்டதே" என்றாள். ஐந்து பேர், எட்டுப் பெட்டி. அங்கிருந்தே அக்கா எனக்குப் போன் செய்தாள். பேசவில்லை, அழுதாள். போகும் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்துவிடுவார்கள். அதுவும் போயிற்று.

19-ஆம் தேதிக்கு எதிரே 'ராத்திரி: கொச்சி விமான நிலையம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானம் என்றால், முந்தின நாள் சாயங்காலமே வீட்டைப் பூட்ட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், முந்தின நாள். அன்றைக்கு நானும் அந்த டிக்கெட்டைப் பார்த்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

விசாவுக்கு வருகிறேன். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குப் போகலாம். எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. பாருங்கள், இங்கேயும் ராத்திரிக் கணக்கு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். லண்டன் இதில் சேராது, அதற்குத் தனி விசா. லண்டனை நடுவில் வைத்தால் ஷெங்கனுக்குள் இரண்டாம் தடவை நுழைய அனுமதி வேண்டியிருக்கும். அதனால் லைனின் தலையிலோ வாலிலோ வையுங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகவே போடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. கோவை-சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். சுருக்கமாக, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்.

கடைசியாகப் பெயர். நம் ஊரில் பலர் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். டிக்கெட்டில் அதை எப்படிப் போட வேண்டும் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒற்றைப் பெயருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வழியில் துபாயில் இரண்டு நாள் தங்க நினைப்பவர்கள் அதை முதலில் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கும்போதே காலாவதி தேதியையும் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். வணக்கம்.