திறந்த குப்பிக்கு நான்கு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியர்களுக்கான விதிமுறைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கையேடு பெரியது. எனக்கு மிக முக்கியமாகப் படும், திறந்த தடுப்பூசிக் குப்பி பற்றிய ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வேக்சின் கேரியர், அதாவது மருந்தைக் குளிர் கெடாமல் கொண்டுபோகும் பெட்டி, கிளம்பும். அதில் வைக்கும் ஐஸ் பேக்கைச் செவிலியர் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் லேசாகச் சலசலத்தால்தான் அடுக்குவார். கல்லாக உறைந்த பேக்கை அப்படியே வைத்தால், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்தும் உறைந்து வீரியம் போய்விடும். குளிர் அதிகமானாலும் கெடுதல்தான்.

காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகள் பொடியாக வரும். அவற்றுக்கென்று தரும் திரவத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்தவுடன் குப்பியின்மேல் மணியை எழுத வேண்டும். அதிலிருந்து நான்கு மணி நேரம்தான். முகாம் அதற்கு முன்பே முடிந்தால், குப்பியின் ஆயுளும் அத்துடன் முடிந்தது. கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் இவற்றில் இல்லை. உள்ளே ஒரு கிருமி புகுந்துவிட்டால் மீதி மருந்து முழுவதும் பெருகும். அதைக் குழந்தைக்குப் போட்டால் சில மணி நேரத்திலேயே காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், எல்லா மருந்துக்கும் இதே கணக்கு கிடையாது. பென்டாவேலன்ட் போன்றவற்றைத் திறந்த பிறகும், குளிர்ச்சியும் சுத்தமும் கெடாமல் இருந்தால், 28 நாள் வரை பயன்படுத்தலாம். மாலையில் ஒரே பெட்டியில் இரண்டு வகைக் குப்பிகளும் கிடக்கும். ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும், மற்றொன்று திரும்பவே கூடாது. நாளெல்லாம் அலைந்த களைப்பில் அந்த நேரம் நினைவை நம்பி எதையும் செய்யக் கூடாது. எழுதி வைத்த மணிதான் துணை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததைப் பலர் மறந்திருக்கலாம். சுகாதாரத் துறையில் இருப்பவர்களால் மறக்க முடியாது. அதற்குப் பிறகு சில காலம் கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே தாய்மார்களை வரச் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பி.சி.ஜி. குப்பியில் 10 டோஸ். வந்திருப்பது ஒரே பச்சைக் குழந்தை. திறந்தால் ஒன்பது டோஸ் வீண். “அடுத்த வாரம் வாம்மா, இன்னும் நாலு பிள்ளைங்க வரட்டும்” என்று சொல்லிவிடத் தோன்றும். அந்தத் தாய் அடுத்த வாரம் வேலைக்குப் போய்விடலாம், பிறந்த வீட்டிலிருந்து கணவர் ஊருக்கே கிளம்பிவிடலாம். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் விதி. இதில் செவிலியர் தயங்கவே கூடாது.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பதும் அப்படித்தான். “போட்டாச்சுல்ல நர்சம்மா, கிளம்பட்டுமா? நூறு நாள் வேலைக்கு நேரமாச்சு” என்று பாட்டிமார்கள் எழுந்துவிடுவார்கள். ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும். அதற்கான அட்ரினலின் மருந்து செவிலியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வீட்டில் இல்லை. பாட்டிமார்களே, கொஞ்சம் பொறுங்கள்.

மேலதிகாரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் கூட்டத்தில் “எத்தனை டோஸ் வீணாச்சு?” என்று மட்டும் கேட்டால், அடுத்த புதன்கிழமை ஏதோ ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தை திருப்பி அனுப்பப்படும், இல்லையென்றால் நேரம் கடந்த குப்பி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்றும் சேர்த்தே கேளுங்கள். விதிப்படி மருந்தைக் கழித்த செவிலியரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.