பேயின் வழக்கைக் காது கொடுத்துக் கேட்கும் படங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பேய்ப் படத்தில் விஞ்சி நிற்பது திடுக்கிடலா, சூழலா என்பது தலைப்பு. சூழலே என்று பேச வந்திருக்கிறேன். நான் அழைத்து வந்திருக்கும் சாட்சிகள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ஸ்பெயினிலிருந்து மூவர், மெக்சிகோவிலிருந்து ஒருவர், குவாத்தமாலாவிலிருந்து ஒருவர்.

எதிரணித் தலைவர் சொன்னார்: “அரங்கமே ஒன்றாய்க் கத்த வேண்டும், அதுதான் பேய்ப் படம்.” கத்தட்டும் ஐயா. அந்தக் கத்தலை எப்படி வரவழைக்கிறார்கள்? முதலில் பின்னணி ஒலியைச் சில நொடி வற்றவிடுகிறார்கள். கதாநாயகி அலமாரியைத் திறக்கிறாள், ஒன்றுமில்லை. நாம் மூச்சை விடுகிறோம். அவள் மூடுகிற நேரம் பார்த்து ஒரு முகமும் காதைக் கிழிக்கும் ஓசையும் சேர்ந்து வருகின்றன. உடம்பு துள்ளுகிறது. ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள், பாதிப் பயம் காணாமல் போகும். இரண்டாம் முறை பாருங்கள், மீதியும் போய்விடும். எந்த நொடியில் வரும் என்று தெரிந்துவிட்ட பிறகு அதில் மிஞ்சுவது எதுவுமில்லை.

இப்போது என் முதல் சாட்சி. 2007-இல் பயோனா இயக்கிய ‘எல் ஓர்ஃபனாத்தோ’ என்ற படம். தான் வளர்ந்த அனாதை இல்லத்துக்கே லாரா என்ற தாய் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள். அவளுடைய சிறுவன் காணாமல் போகிறான். ஆவிகளோடு பேசும் பெண் ஒருத்தி இரவில் அந்த வீட்டுக்குள் நடந்து போகிறாள். அவள் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. வேறொரு அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து, இரவுக் கேமராவின் மங்கிய படத்தை மானிட்டரில் பார்க்கிறோம். குழந்தைகள் அழும் சத்தம் வருகிறது. ஒரு பேய்கூடத் திரையில் இல்லை. அவளுடைய முகமும் அந்தச் சத்தமும்தான். படத்திலேயே உச்சமான பயம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு காட்சி. சுவரைப் பார்த்து நின்று, எண்ணி, தட்டி, திரும்பிப் பார்க்கும் சிறுபிள்ளை விளையாட்டு. லாரா சுவர்ப்பக்கம் திரும்பும்போது கேமராவும் அவளோடு திரும்புகிறது. முதுகுக்குப் பின்னால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தப் பேய்க் குழந்தைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கிறார்கள். முன்கூட்டியே காட்டிவிட்டால் இந்தக் காட்சி செத்துவிடும். அவளுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரிய வேண்டும் என்பதில் இயக்குநர் கறாராக இருக்கிறார்.

படத்தின் நடுவே அந்த வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. முடிவை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. ஆனால் முடிவு தெரிந்த பிறகு மறுபடி பாருங்கள்: முதல்முறை பேயென்று நடுங்கிய அதே சத்தத்தை இம்முறை கேட்கவே முடியாது, எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்துவிடலாமா என்று நெஞ்சு பதறும். இரண்டாம் பார்வையில் பயம் கூடுகிறது ஐயா! எதிரணி காட்டிய படங்களில் ஒன்றுக்காவது இந்தக் குணம் உண்டா?

“சூழல் என்றால் பனிமூட்டமும் பழைய பங்களாவும்தானே” என்று கேலி செய்தார் எதிரணித் தோழி. இல்லை அம்மா. ஓர் இடத்தில் நடந்த அநியாயம் தீர்க்கப்படாமல் கிடப்பதைத்தான் நான் சூழல் என்கிறேன்.

2001-இல் கியேர்மோ தெல் தோரோ ஸ்பெயினில் எடுத்த ‘எல் எஸ்பினாசோ தெல் தியாப்லோ’ என் இரண்டாவது சாட்சி. இயக்குநர் மெக்சிகோக்காரர், தயாரித்தது ஸ்பெயினின் பெயர்பெற்ற இயக்குநர் அல்மோதோவாரும் அவர் சகோதரரும் நடத்தும் நிறுவனம். ஆண்டு 1939, உள்நாட்டுப் போர் முடிகிற காலம். பொட்டல்வெளியில் ஓர் அனாதை இல்லம். அதன் முற்றத்தில் வெடிக்காத குண்டு ஒன்று மண்ணில் குத்தி நிற்கிறது, பிள்ளைகள் அதைச் சுற்றியே விளையாடுகிறார்கள். வெயில் கொட்டுகிறது, பனிமூட்டம் எங்கே வந்தது? சாந்தி என்ற சிறுவனின் ஆவி வருகிறது. பீங்கான்போல விரிசல் விட்ட முகம். நெற்றிக் காயத்திலிருந்து ரத்தம் கீழே வழியாமல் தண்ணீருக்குள் கலைவதுபோல மேலே மிதந்து போகிறது. அவன் எங்கே கிடக்கிறான் என்பதை அந்த ரத்தமே சொல்லிவிடுகிறது! ஒரு வசனம் தேவைப்படவில்லை. நல்ல சூழல் படத்தில் அலங்காரத்துக்கென்று எதுவும் இருக்காது, ஒவ்வொன்றும் சாட்சியம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பேய் பிள்ளைகளை எச்சரிக்கிறது. கொல்ல வருகிறவன் உயிரோடு இருக்கும் மனிதன்.

ஸ்பெயின் பார்வையாளருக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது? அந்தப் போரிலும் பின்னால் வந்த சர்வாதிகாரத்திலும் கொல்லப்பட்ட எத்தனையோ பேர் சாலையோரக் குழிகளில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள். 2000-இல் பிரியாரான்சா தெல் பியெர்சோ என்ற ஊரில் குழியைத் தோண்டி 13 பேரின் எலும்புகளை எடுத்தபோதுதான் நாடு அந்தப் பேச்சைப் பெரிதாகத் தொடங்கியது. அப்படிப் பலியானவர்களை அங்கீகரிக்கும் வரலாற்று நினைவுச் சட்டம் 2007 டிசம்பரில்தான் வந்தது. இந்தப் படங்கள் அதற்காகவே எடுக்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்று தெரியாத ஊரில், நிலவறையிலிருந்து ஒரு குழந்தை முனகினால் அது எப்படிக் கேட்கும் என்றுதான் கேட்கிறேன்.

1976-இல் வெளியான கார்லோஸ் சவுராவின் ‘க்ரியா குவேர்வோஸ்’ இதற்கும் மூத்தது. இறந்த தாய் இரவில் சமையலறைக்குள் வந்து, தூங்காமல் நிற்கும் மகளோடு பேசுகிறாள். புகை இல்லை, மின்னல் இல்லை, உடம்பு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதும் இல்லை. அவள் இறந்தவள் என்பதே நமக்குப் பிறகுதான் உறைக்கிறது. அந்தத் தாயாக நடித்த ஜெரால்டின் சாப்ளின்தான் முப்பது ஆண்டுகள் கழித்து ‘எல் ஓர்ஃபனாத்தோ’வில் ஆவிகளோடு பேசும் பெண்ணாக வருகிறார். ஸ்பெயின் ரசிகர்கள் அந்த முகத்தைக் கண்டதும் பழைய சமையலறையையும் சேர்த்தே பார்த்திருப்பார்கள்.

மெக்சிகோவுக்கு ஒரு நிமிடம். 1968-இல் கார்லோஸ் என்ரிக்கே தபோவாதா எடுத்த படத்தின் தலைப்பே ‘காற்றுக்கும் பயம்’. பெண்கள் விடுதிப் பள்ளி, பூட்டிய கோபுரம், இரவில் காற்று. தாய் சாகக் கிடக்கும்போதும் வீட்டுக்குப் போக அனுமதிக்கப்படாத மாணவிதான் அங்கே பேயாக இருக்கிறாள். காற்றொலியை மட்டும் வைத்து அந்த மனிதர் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்திருக்கிறார்.

கடைசிச் சாட்சி குவாத்தமாலா. 2019-இல் ஹைரோ புஸ்தமாந்தே இயக்கிய ‘லா யோரோனா’. அழுதுகொண்டே அலையும் தாய் என்பது லத்தீன் அமெரிக்கா முழுக்க உலவும் பழங்கதை. புஸ்தமாந்தே அவளை ஓர் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதியின் வீட்டுக்குள் வேலைக்காரியாக அனுப்புகிறார். மாயா பழங்குடி மக்களை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, பிறகு தீர்ப்பு ரத்தானதால் வீட்டிலிருக்கும் தளபதி அவர். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது: 2013 மே 10-இல் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட்டுக்கு 80 ஆண்டுச் சிறை, பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. படத்தில் வீட்டைச் சுற்றி நிற்கும் மக்களின் முழக்கம் இரவும் பகலும் சுவர் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நடுவே ஒரு பெண்ணின் அழுகை. எது வெளியிலிருந்து வருகிறது, எது தளபதியின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது? நீதிமன்றம் கைவிட்ட வழக்கைப் பேய் எடுத்து நடத்துகிறது, நடுவர் அவர்களே. இதை எந்தத் திடுக்கிடலால் சொல்ல முடியும்?

எதிரணியின் ஒரு புகாரில் மட்டும் உண்மை இருக்கிறது. சில சூழல் படங்கள் வெறும் மெதுவான படங்கள். இருட்டு வீடும் நீளமான ஷாட்டும் இருக்கும், யாருக்கு என்ன அநீதி நடந்தது என்ற கேள்வியே இருக்காது. அவை தோற்பது நியாயம்தான்.

ஆனால் “பார்த்தேன், தூக்கம் வந்தது” என்றவரிடம் கேட்கிறேன்: எப்படிப் பார்த்தீர்கள்? டப்பிங்கில் பார்த்தால் அறையின் மூச்சும் குழந்தையின் கிசுகிசுப்பும் போய்விடும். ஸ்பானிஷ் ஒலியோடு சப்டைட்டில் வையுங்கள். டிவியில் ‘நைட் மோட்’ ஒலி அமைப்பை அணையுங்கள், அது சின்னச் சத்தத்தை உயர்த்திப் பெரிய சத்தத்தைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை இடையிடையே போலிப் பிரேம் நுழைத்து வழுக்க வைக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வேண்டாம், சினிமா சீரியலாகிவிடும். படத்தை ‘மூவி’ அமைப்பில் வைத்து, திரையில் பிரதிபலிக்கும் விளக்கை அணையுங்கள். நிழலுக்குள் நிழலாக நிற்கிற உருவம் அப்போதுதான் தெரியும். பகலில், பேருந்தில், கைப்பேசியில் பார்த்துவிட்டு அங்கே பேயே இல்லை என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்துவிட்டது. என் சாட்சிகளை நடுவர் முன் நிறுத்திவிட்டேன். தீர்ப்பைச் சூழலின் பக்கம் தர வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.