ஓஞ்சு போகுது டாக்டரம்மா

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டரம்மா, உடம்பு ரொம்ப வீக்கா இருக்கு." என் மேசைக்கு எதிரே முக்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் இதைவிட அதிகமாகச் சொன்ன வாக்கியம் வேறு இருக்காது. ஓசூர் பக்கத்தில் 28 வருஷம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் முதல் பத்து வருஷம், இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் சீட்டில் 'வீக்னெஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பூக்கட்டுகிற ஓர் அம்மா. அவரைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

உங்கள் பாட்டி இந்த 'வீக்' என்ற சொல்லைச் சொல்லியிருப்பாரா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்தால் 'களைப்பா இருக்கு' என்பார். காய்ச்சல் விட்ட மறுநாள் 'அசதியா இருக்கு'. உச்சி வெயிலில் நடந்து வந்து திண்ணையில் சாய்ந்தால் 'கிறக்கமா வருது'. மேடு ஏறினால் 'இளைக்குது'. செய்த வேலையையே செய்துகொண்டிருந்தால் 'அலுப்பா இருக்கு'. வயசாகிவிட்டால் 'தளந்து போச்சு'. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'ஏண்டா கண்ணு வாட்டமா இருக்கே'. இவை அத்தனையும் ஒன்றா? ஒன்றே இல்லை. இளைக்கிறது என்றால் நான் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். கிறக்கம் என்றால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பாட்டி சொன்ன ஒவ்வொரு சொல்லும் என்னை ஒவ்வொரு பக்கம் அனுப்பும். 'வீக்' எந்தப் பக்கமும் அனுப்பாது.

இந்தச் சொற்களுக்குள் இருக்கிற படத்தைப் பாருங்கள். வாடுவது தண்ணீர் காணாத செடி. துவளுவது பிடிப்பில்லாத கொடி. தளர்வது இறுக்கிப் போட்ட கட்டு. தொய்வது துணி காயப்போட்ட கயிறு. ஓய்வது? மழை. பெய்துகொண்டிருந்த மழைதான் ஓயும். பெய்யாத மழை ஓயாது, இல்லையா? இந்த ஒரு சொல்லை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பூக்கார அம்மாவின் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

அவருக்கு அப்போது முப்பதுக்கு மேல் இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மல்லிகை கட்டி முழம் போட்டு விற்பவர். மூன்று வருஷமாக அலைந்துவிட்டு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, பை நிறையச் சீட்டு. எல்லாவற்றிலும் 'ஜெனரல் வீக்னெஸ்' என்று எழுதியிருந்தது. சத்து மாத்திரை, டானிக், குளுக்கோஸ் பாட்டில். அந்தச் சீட்டுகளில் இரண்டு என் கையெழுத்து.

குளுக்கோஸ் பாட்டில் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வராது. 'தெம்பில்லைங்க, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க' என்று கேட்பார்கள். வழக்கமாக ஏற்றுகிற 5 சதவீத பாட்டில், அரை லிட்டர். அதில் இருக்கும் சர்க்கரை 25 கிராம். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 100 கலோரி. இரண்டு மூன்று இட்லியில் இருக்கிற தெம்பு, அவ்வளவுதான். வாந்தி பேதியில் வாய்வழியாக எதுவும் இறங்காதவருக்கு நீர் ஏற்றுவது உயிர் காக்கும், அது வேறு விஷயம். நடந்து வந்து, பேசி, நடந்து போகிறவருக்குப் படுக்கவைத்து இரண்டு மணி நேரம் இரண்டு இட்லியை ஊசி வழியாகக் கொடுக்கிறோம். அந்த அம்மாவும் மூன்று வருஷத்தில் எத்தனை பாட்டில் ஏற்றிக்கொண்டாரோ. ஒரு நாள் பூ விற்ற காசு, ஒரு பாட்டில்.

சரி, கதைக்கு வருகிறேன். அன்றைக்குக் கூட்டம் குறைவு. ஏதோ தோன்றி, "வீக்குன்னு சொல்லாதீங்க. உங்க அம்மாகிட்டச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"காலையில நல்லாத்தாம்மா இருக்கேன். பூவ வாங்கியாந்து கட்ட உக்காந்தா மொத பத்து மொழம் சரசரன்னு போகுது. அப்புறம் வெரலு ஓஞ்சு போகுது. வலி இல்ல. மரத்துப் போகல. ஓஞ்சு போகுது. செத்த நேரம் மடியில கைய வெச்சுக்கிட்டு இருந்தா திரும்ப வருது. சாயங்காலமானா கண்ணு எமை தானா எறங்குது. தூங்கி வழியறான்னு சொல்றாங்கம்மா."

மழை ஓய்கிற மாதிரி. செய்யச் செய்யக் குறைந்து நிற்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. மின்விசிறியைப் பார்க்கச் சொன்னேன். "தலையைத் தூக்காம, கண்ணை மட்டும் தூக்கி, அதையே பாத்துக்கிட்டே இருங்க." ஒரு நிமிஷம் ஆகவில்லை. இரண்டு இமையும் திரை இறங்குவது போல இறங்கிவிட்டன.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். கிரேக்கத்தில் 'ஸ்தீனோஸ்' என்றால் வலு. முன்னால் ஓர் 'அ' சேர்த்தால் வலு இல்லாமை. 'மயோ' என்றால் தசை. 1895இல் பெர்லினில் பிரீட்ரிக் ஜாலி என்ற மருத்துவர் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். என்ன நடக்கிறது என்றால், நரம்பு வந்து தசையின் கதவைத் தட்டுகிறது. தட்டுகிற கை ஒரு ரசாயனம். உள்ளே கேட்கிற காதுகளை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகப் பொத்திவிடுகிறது. முதல் சில தட்டல் கேட்கும். அப்புறம் கேட்காது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி கேட்கும்.

இதற்குப் பெயர் வருவதற்கு 200 வருஷத்துக்கு மேல் முன்பே, 1672இல், தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அவசரமாகவோ நெடுநேரமோ பேசினால் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு நின்றுபோகும். மீனைப் போல ஊமையாகிவிடுவார். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் குரல் திரும்பும் என்று. அந்தப் பெண் தன் மொழியில் எந்தச் சொல்லைச் சொல்லி வில்லிஸிடம் முறையிட்டிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மருந்து கிடைத்தது 1934இல். லண்டனின் கிரீனிச் பகுதியில் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோயின் அடையாளமும் கியூராரே என்ற அம்பு விஷம் ஏறினவரின் அடையாளமும் ஒத்துப்போகின்றனவே என்று கவனித்தார். அந்த விஷத்துக்கான முறிவு மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். இமை திறந்தது.

எங்கள் பூக்கார அம்மாவுக்கும் அப்படித்தான். பெங்களூரில் நரம்பியல் மருத்துவர்கள் பார்த்து உறுதிசெய்தார்கள், அதே வழியில் வேலை செய்கிற மாத்திரையைக் கொடுத்தார்கள். திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்து, பையிலிருந்து பூவும் நாரும் எடுத்து, என் முன்னாலேயே கட்டிக் காட்டினார். எத்தனை முழம் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இல்லை. மூன்று வருஷமும் அவருடைய வாயில் சரியான சொல் இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், சொல் அவரிடம் இருந்தது.

'தூங்கி வழியறா' என்று ஊர் சொன்னதே, அது இன்னொரு கொடுமை. ஓய்ந்துபோனவரைச் சோம்பேறி என்பது. வள்ளுவர் இதில் எவ்வளவு கவனமாக இருக்கிறார் பாருங்கள். சோம்பலுக்கு 'மடி' என்ற சொல்லைப் போட்டு ஓர் அதிகாரம். அடுத்த அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'அசாவாமை வேண்டும்' என்கிறார். அசாவுதல் தளர்ந்துபோவது. மடி வேறு, அசா வேறு.

எங்கள் ஓசூர் நான்கைந்து மொழி கூடுகிற ஊர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஒரு வயதான அம்மா வந்து, "நாக்கு ஓபிக லேது" என்றார். தெலுங்கில் 'நாக்கு' என்றால் 'எனக்கு' என்பது அப்போது தெரியாது. நாக்கைக் காட்டச் சொன்னேன். உதவிக்கு இருந்தவரைக் கேட்டால், "பொறுமை இல்லைங்கறாங்க" என்றார். 'ஓபிக' என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள் உண்டு, உடம்பில் தாங்குகிற சக்தி என்றும் பொருள் உண்டு. அந்த அம்மா சொன்னது இரண்டாவது. நல்லவேளையாக நாக்கைப் பார்த்தேனே, அது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 5. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை. இந்த அம்மா அந்த 5ஐ வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து வந்திருக்கிறார். ஓபிக இல்லையாம்!

தெலுங்கில் இன்னொரு சொல் 'நீரசம்'. ரசம் போய்விட்டது, சாறு வற்றிவிட்டது. நாம் 'சக்கையாப் பிழிஞ்சு போட்டுட்டாங்க' என்கிறோமே, அதே கரும்புதான். மலையாளத்தில் 'க்ஷீணம்', ஜாதகம் பார்க்கிறவர்கள் தேய்பிறை நிலவை க்ஷீண சந்திரன் என்பார்களே, அந்தச் சொல். உருதுவில் 'கம்ஜோரி', வலு கம்மி, நேரடியான சொல். கன்னடத்தில் களைப்புக்கு 'சுஸ்து' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்தது. அதே சொல் இந்தியில் 'சுஸ்தி' என்று ஆகும்போது சோம்பேறித்தனம். ஒரே வார்த்தை, ஓர் ஊரில் பரிதாபம், இன்னோர் ஊரில் வசவு.

சோகையைப் பற்றிச் சொன்னேன், அதை விட்டுவிடக் கூடாது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. பாதிக்கு மேல். வீட்டில் ஒருவர் 'அசதியா இருக்கு' என்று மாசக்கணக்காகச் சொன்னால், தயவுசெய்து, ஒரு ரத்தப் பரிசோதனை.

அடுத்து 'நரம்புத் தளர்ச்சி'. இதை நீங்கள் படித்திருப்பீர்கள், பேருந்து நிலையச் சுவரில், ரயில் பாதை ஓரத்தில். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் என்று போட்டிருக்கும். இந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 'நியூராஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். அதே 'அஸ்தீனியா', இந்தமுறை நரம்புக்கு. நீராவி, தந்தி, பத்திரிகை, அறிவியல், பெண்கள் மூளையைப் பயன்படுத்துவது, இவையெல்லாம் நரம்பின் சக்தியை உறிஞ்சிவிடுகின்றன என்றார். பெண்கள் படித்தால் நரம்பு தளரும் என்பதை ஒரு மருத்துவப் பட்டம் வாங்கிய பெண் எப்படி ஏற்பது? அந்தப் பெயர் ஜப்பானுக்குப் போனது, சீனாவுக்குப் போனது. 1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் சாங்ஷா நகரில் இந்த நோய் என்று முத்திரை குத்தப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். 87 பேருக்கு இருந்தது தீவிர மனச்சோர்வு. மனசைப் பற்றிப் பேச முடியாத இடத்தில் அவர்கள் நரம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

என்னிடம் 'நரம்புத் தளர்ச்சிங்க' என்று தலைகுனிந்து வந்த இளைஞர்களும் அப்படித்தான். முழங்காலைத் தட்டிப் பார்த்தால் நரம்பு நன்றாக வேலை செய்யும். தூக்கம் போயிருக்கும். கடன், தேர்வில் தோல்வி, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயம். லாட்ஜில் கொடுத்த லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் அழுதுவிட்டு வந்திருப்பார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், நியூராஸ்தீனியா என்று தனி நோயே இல்லை. நம் சுவர்களில் மட்டும் இன்னும் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். ஜப்பானைப் பற்றியும் ஜெர்மனியில் வசந்த காலத்துக்கென்று தனியாக ஓர் அசதி இருப்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன். நேரம் இல்லை. ஒன்றே ஒன்று.

பின்லாந்து மொழியில் 'யக்சா' என்று ஒரு வினைச்சொல். ஒன்றைச் செய்ய உடம்பிலும் மனசிலும் தெம்பு இருப்பது. 'என் யக்சா' என்றால் எனக்குத் தெம்பில்லை. ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லில் இதைச் சொல்வது கஷ்டம். ஆனால் யாழ்ப்பாணத்தார் 'ஏலாமக் கிடக்கு' என்பார்கள், மலையாளிகள் 'வய்யா' என்பார்கள், நாம் 'முடியல' என்கிறோம். உடம்புக்கு முடியல, மனசுக்கு முடியல, இரண்டுக்கும் ஒரே சொல். பின்லாந்தில் கஷ்டத்தில் இருப்பவரிடம் விடைபெறும்போது அந்த வினைச்சொல்லிலிருந்தே 'யக்சமிஸ்தா' என்று வாழ்த்துவார்களாம். தாங்குகிற தெம்பு உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று.

சிவப்பு விளக்கு எரிகிறது. நேயர்களே, யக்சமிஸ்தா. வணக்கம்.