121-ஆவது தோல்விக்காகக் காத்திருந்தவர்கள்

தலைவர் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிற நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் இங்கே பேசியவர் சோழர்களின் கடற்படை வெற்றிகளைப் பற்றிப் பேசினார். என்னிடம் தலைப்புக் கேட்டபோது "தோல்வி" என்றேன். செயலாளர் கொஞ்சம் தயங்கி, "பொதுவாவா சார்?" என்றார். "இல்லை, வைட் சாக்ஸ்" என்றேன். சிரித்துவிட்டார். சிகாகோவின் இரண்டு பேஸ்பால் அணிகளில் ஒன்றான அதன் பெயரைச் சொன்னாலே இங்கே இப்போது அந்தச் சிரிப்புதான் வருகிறது.

இந்த அறையில் பாதிப் பேர் ஊரின் இன்னொரு அணியான கப்ஸின் ரசிகர்கள் என்று தெரியும். பிள்ளைகள் தலையில் இருக்கிற நீலத் தொப்பிகளே சொல்கின்றன. உங்களுக்கு ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுத் தொடங்குகிறேன்: 1906-இல் 116 ஆட்டங்களை வென்று வந்த கப்ஸ் அணியை, ஆண்டின் கோப்பைக்கான இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸில் தோற்கடித்தது இதே வைட் சாக்ஸ்தான். சரி, அது பழங்கதை. 2024-க்கு வருவோம்.

அந்த ஆண்டு வைட் சாக்ஸ் ஆடிய 162 ஆட்டங்களில் 41-ஐ வென்றது, 121-ஐத் தோற்றது. 1900-க்குப் பிறகு எந்தப் பெரிய லீக் அணியும் ஒரே ஆண்டில் இத்தனை முறை தோற்றதில்லை. அதற்கும் முன்னால், 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்று ஒரு அணி 134 முறை தோற்றது. ஆனால் அந்த அணியின் முதலாளிகள் செயின்ட் லூயிஸில் இன்னொரு அணியையும் வாங்கி, நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணின் கனம் உடனே பிடிபடாது. பேஸ்பாலில் எவ்வளவு மோசமான அணியும் மூன்றில் ஒரு ஆட்டத்தை வென்றுவிடும், எவ்வளவு நல்ல அணியும் மூன்றில் ஒன்றைத் தோற்றுவிடும் என்பார்கள். நல்ல பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், ஒருவருக்கு ஒருநாள் கை சரியாக விழாது. எதிரணியின் ஒன்பதாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய மட்டையில் பந்து பட்டு, நம் சிக்ஸர் மாதிரி, ஹோம் ரன் போய்விடும். எல்லோருக்கும் 54 வெற்றி, 54 தோல்வி உறுதி, மீதி 54-தான் ஆட்டம் என்று பழைய ஆட்கள் கணக்குச் சொல்வது அதனால்தான். சும்மா போய் நின்றாலே கிடைக்கும் என்கிற அந்த 54-கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டு முழுவதும் எடுத்த ரன் 507, கொடுத்த ரன் 813.

முதல் 25 ஆட்டங்களில் 3 வெற்றி. மே மாதக் கடைசியில் தொடங்கி வரிசையாக 14 தோல்வி. அப்புறம் ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை வரிசையாக 21 தோல்வி. ஒரு மாதம் தினமும் வேலைக்குப் போய், தினமும் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனை நினைத்துப் பாருங்கள். பேஸ்பாலில் விடுமுறையும் அபூர்வம். இன்று தோற்றால் நாளை மாலை ஏழு மணிக்கு மறுபடி ஆட்டம்.

எப்படித் தோற்றார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். மே 23, சொந்த மைதானம், எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ். கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸில் நம் முறை தொடங்கும்போது 8-க்கு 2 என்று பின்தங்கல். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். திடீரென்று நம்மவர்கள் அடிக்கத் தொடங்கி, 8-க்கு 6 ஆகிவிட்டது. ஒரே ஒரு அவுட்தான் ஆகியிருக்கிறது, முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். மட்டை பிடித்திருப்பவர் ஆண்ட்ரூ பெனின்டெண்டி. அவர் ஒரு ஹோம் ரன் போட்டால் ஆட்டமே ஜெயம். பந்தைச் செங்குத்தாக மேலே தூக்கிவிட்டார்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இப்படி எளிய கேட்ச் வந்தால், ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, ஓடத் தடுமாறுகிற இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடலாம். அந்தத் தந்திரத்தைத் தடுக்க, பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே அம்பயர் கையைத் தூக்கி மட்டையாளரை அவுட் என்று சொல்லிவிடுவார். சொன்னார். சரி, இரண்டாவது அவுட், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் இன்னொரு அம்பயர், இரண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான் ஃபீல்டரின் வழியை மறித்தார் என்று அவரையும் அவுட் ஆக்கிவிட்டார். ஃபீல்டர் கன்னர் ஹெண்டர்சன் பந்தை அலுங்காமல் பிடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. விளையாடிய பிள்ளைகளுக்கே கொஞ்ச நேரம் புரியவில்லை. கெட்ட நேரத்தில் ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்று என் பாட்டி சொல்வாள்.

ஆனால் நேரத்தின் மேல் பழி போட்டுவிட்டு உட்கார நான் வரவில்லை. ஒரு ஆட்டத்தை நேரம் தோற்கடிக்கும். 121 ஆட்டங்களைத் தோற்க ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு மைதானத்துக்கு வெளியே, குளிரூட்டிய அறைகளில், பல வருஷமாக நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 2021-இல், இதே அணி 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் வந்தது. அந்த அணி எப்படி உருவானது? 2016 டிசம்பரில் தங்கள் மிகச் சிறந்த இடக்கை பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். இரண்டு மூன்று வருஷம் தோற்போம், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாருங்கள் என்றார்கள். 2018-இல் நூறு ஆட்டம் தோற்றார்கள். ரசிகர்களும் பொறுத்துக்கொண்டார்கள். கப்ஸும் 2012-இல் 101 தோற்று 2016-இல் கோப்பை வாங்கியது, ஹியூஸ்டன் 2013-இல் 111 தோற்று 2017-இல் வாங்கியது. எல்லோரும் போகிற வழிதானே என்று நம்பினார்கள்.

பலன் கையில் வந்த நேரத்தில், எழுபத்தாறு வயது டோனி லா ருஸாவை, களத்தில் அணியை நடத்துகிற மேனேஜராகக் கொண்டுவந்தார் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப். லா ருஸா பெரிய மேதை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாக எந்த அணியையும் நடத்தாதவர். 2021-இல் ஜெயித்தார்கள். 2022-இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-இல் 101 தோல்வி. அந்த ஆகஸ்டில் மேலிடத்தில் இருந்த கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளியாள் யாரையும் தேடாமல், உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வீட்டை இடித்துக் கட்டினீர்கள், பால் காய்ச்சிக் குடிபோன மூணாவது வருஷம் மறுபடி இடிக்கிறீர்கள் என்றால், மேஸ்திரி மேல் தப்பா, வீட்டுக்காரர் மேல் தப்பா?

ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்தார்களா என்றால் அதுவும் அரைகுறைதான். இத்தனை பெரிய நகரத்து அணி, 2024 வரை பத்துக் கோடி டாலருக்கு ஒருவரிடம்கூட ஒப்பந்தம் போட்டதில்லை. அதிகபட்சம் ஏழரைக் கோடி, ஐந்து வருஷத்துக்கு. அதை வாங்கியவர் நாம் பார்த்த அதே பெனின்டெண்டி. சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது டிலன் சீஸ் என்ற முக்கியமான பிட்சரை சான் டியாகோவுக்குக் கொடுத்தார்கள். இவர்கள் அந்த 21 தோல்வியின் நடுவே மூழ்கிக்கொண்டிருந்த ஜூலை 25-ஆம் தேதி, அவர் புது அணிக்காக ஒன்பது இன்னிங்ஸும் வீசி, ஒரு ஹிட்கூட விடாமல் ஆட்டத்தை முடித்தார். கட்டிக்கொடுத்த பெண் போன இடத்தில் நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்படலாம். வேறென்ன செய்வது?

மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை ஆகஸ்ட் 8-இல் நீக்கினார்கள். 21 தோல்விக்கும் அவரை வைத்திருந்து, ஓக்லாந்தில் ஒரு வெற்றி வந்து தொடர் அறுந்த இரண்டாவது நாள் நீக்கியதுதான் வேடிக்கை. அதே ஆண்டு பிப்ரவரியில் உரிமையாளர், புது மைதானம் கட்ட அரசுப் பணம் வேண்டுமென்று மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சட்டமன்றத் தலைவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி இடம் வந்தால் கீழ் லீகுக்குத் தள்ளிவிடுவார்கள். வருமானம் போய்விடும், முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். இங்கே அது கிடையாது. கடைசியில் வந்தாலும் அடுத்த ஏப்ரலில் அதே முப்பது அணிகளில் ஒன்றாக வந்து நிற்கலாம், தேசிய டிவிப் பணத்தில் பங்கும் வந்துவிடும். போதாததற்கு, மோசமாகத் தோற்றவர்களுக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமையும் உண்டு. இதில் ஒரு கூத்து. பெரிய சந்தையில் இருக்கிற அணி அடுத்தடுத்த வருஷம் முதல் ஆறு இடங்களுக்குள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 2024-இல் ஐந்தாவது இடம் கிடைத்துவிட்டதால், 121 தோற்றும் 2025-இல் இவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். தோற்பதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

1962-இல் 120 தோற்ற நியூயார்க் மெட்ஸையும் இவர்களையும் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மெட்ஸுக்கு அது முதல் வருஷம். மற்ற அணிகள் வேண்டாமென்று விட்டவர்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி. கடைசி நாள் ஆட்டத்தில்கூட ஒரே அடியில் மூன்று பேர் அவுட் ஆனார்கள். ஊர் அவர்களைச் செல்லப் பிள்ளையாக வைத்துக்கொண்டு சிரித்தது. ஏழு வருஷத்தில் கோப்பையும் வாங்கிவிட்டார்கள். வைட் சாக்ஸ் 1901 முதல் இருக்கிற அணி. தெற்குச் சிகாகோவில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாக ஒரே அணியைப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இன்றைய போப் லியோவும் இந்தக் கூட்டத்து ஆள்தான். 2005-இல் கோப்பை வென்ற வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்துக்கு மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர். இவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது.

அந்தக் கோபத்தை நேரில் பார்க்க எனக்கு வாய்த்தது. செப்டம்பர் 22-இல் சான் டியாகோவில் 120-ஆவது தோல்வி வந்துவிட்டது. இனி ஒன்று தோற்றால் தனிச் சாதனை. 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சொந்த ஊரில் ஏஞ்சல்ஸ் அணியுடன் ஆட்டம். அலுவலகத்திலிருந்து நேரே சிவப்பு வழித்தட ரயில் பிடித்து 35-ஆம் தெருவில் இறங்கினேன். மனைவியிடம், "சரித்திரத்தைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லியிருந்தேன். "தோற்கிறதைப் பார்க்கவா காசு குடுத்துப் போறீங்க?" என்றாள். பதில் இல்லை.

உள்ளே போனால் மில்க்‌ஷேக் கடை முன்னால் நீண்ட வரிசை. அந்த வருஷம் அந்த மைதானத்தில் பிரபலமான ஒரே சரக்கு அதுதான். சாக்லேட், வறுத்த மார்ஷ்மெல்லோ எல்லாம் போட்டு ஒன்று 15 டாலர். என் பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட காகிதப் பையை மடியில் வைத்திருந்தார். தோற்றதும் தலையில் மாட்டிக்கொள்ளத் தயாராக. மடியில் ஸ்கோர் அட்டையும் இருந்தது. ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். தோல்வியைப் பார்க்க வந்தவர் எதற்கு இவ்வளவு அக்கறையாகக் குறிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-க்கு 0 என்று பின்தங்கல். "அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு" என்று கூட்டம் கத்துகிறது. அந்த வருஷம் ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஒரு ஆட்டத்தையும் இந்த அணி மீட்டதில்லை. பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்து மடிப்பை நீவிவிட்டார். அப்போதுதான் அடி விழ ஆரம்பித்தது. ஒரு ரன் வந்தது. அப்புறம் பெனின்டெண்டி வந்தார், அடித்தார், இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். 3-க்கு 2. எனக்குப் பின்வரிசையில் சில இளைஞர்கள் ஏமாற்றத்தில் கூச்சல் போட்டார்கள், சொந்த அணி முன்னிலை பெற்றதற்கு! எனக்கோ எழுந்து கத்துவதா, உட்காருவதா என்று தெரியவில்லை. பக்கத்துக்காரர் மட்டும் தலை நிமிராமல் பென்சிலால் இரண்டு ரன்னையும் குறித்து, அந்தக் கட்டத்தை அழுத்திக் கறுப்பாக்கினார்.

மறுநாளும் ஜெயித்தார்கள், பத்தாவது இன்னிங்ஸில், கடைசி அடியும் பெனின்டெண்டியே. அதற்கு அடுத்த நாள் 7-க்கு 0. சாதனையைக் காண டிக்கெட் வாங்கியவர்களுக்கு மூன்று நாளும் ஏமாற்றம். மேலே இருந்தவர்கள் எப்போதோ கைவிட்ட சீசனை, கீழே இருந்த அந்த இருபத்தெட்டுப் பேர் அந்த மூன்று நாளும் விடவில்லை. அவர்களில் பலருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், இரண்டு நிமிடம் என்று. முடித்துக்கொள்கிறேன். 121-ஆவது தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்டில் வந்தது, 4-க்கு 1. அமெரிக்கன் லீகில் அதுவரை மிக அதிகமாக, 2003-இல் 119 முறை, தோற்றிருந்தது அதே டெட்ராய்டு டைகர்ஸ்தான். அந்த வெற்றியோடு பத்து வருஷத்துக்குப் பிறகு, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகிறோம் என்று அவர்கள் குதித்துக் கொண்டாட, இவர்கள் ஓரமாக நடந்து உள்ளே போனார்கள். மீதி இருந்த இரண்டு ஆட்டங்களையும் வைட் சாக்ஸ் ஜெயித்தது. டிசம்பரில், அன்று கிறிஸ் சேலைக் கொடுத்தது போலவே, அந்த வருஷம் பிரமாதமாக வீசிய இடக்கைக்காரர் கேரட் க்ரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். 2025-இல் தோல்வி 102.

நான் ஆட்டம் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு ரயில் நிலையப் படிக்கட்டில் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். காகிதப் பையை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். "நாளைக்கு வருவீர்களா?" என்று கேட்டேன். ஸ்கோர் அட்டையைக் காட்டி, "இதற்கு மட்டும் எப்போதும் வருவேன்" என்றார். வடக்கே போகிற ரயில் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். அவர் எதிர்ப்பக்கம், தெற்கே போகிறவர்.

நன்றி, வணக்கம்.